ஃபோன் கால்குலேட்டரில் பின்னம்: எந்த வழியில் தட்டுவது?

தாளில் பின்னம் எழுதும்போது நடுவில் இழுக்கிற அந்தச் சின்னக் கோடு மூன்று வேலை செய்கிறது. மேலே இருப்பதைக் கீழே இருப்பதால் வகுக்கச் சொல்கிறது. மேலே உள்ள எல்லாவற்றையும் ஒரு கட்டாகவும், கீழே உள்ள எல்லாவற்றையும் இன்னொரு கட்டாகவும் கட்டி வைக்கிறது. கூடவே, இந்த இரண்டு கட்டும் சேர்ந்து ஒரே எண் என்றும் அறிவிக்கிறது. ஃபோனில் உள்ள ÷ பொத்தானுக்கு முதல் வேலை மட்டும்தான் தெரியும். மற்ற இரண்டையும் நாம்தான் வேறு வழியில் சொல்லித் தர வேண்டும். பின்னக் கணக்கில் ஃபோன் தருகிற தப்பான விடைகளில் பெரும்பாலானவை இந்த இடைவெளியில்தான் பிறக்கின்றன.

வழிகள் பல. ஃபோனோடு வந்த கால்குலேட்டரிலேயே அடைப்புக்குறி போட்டுத் தட்டலாம். அடைப்புக்குறி இல்லாவிட்டால் தட்டும் வரிசையை மாற்றியோ, நினைவகப் பொத்தானை வைத்தோ சமாளிக்கலாம். பின்னத்தைத் தசமமாக்கிக்கொண்டு தொடங்கலாம். கோடு போட்ட கட்டம் தருகிற செயலியை நிறுவலாம். எக்செல் போன்ற விரிதாளில் போடலாம். தேடல் பெட்டியிடமோ கேமராவிடமோ கேட்கலாம்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதைப் பெரும்பாலும் ஒரே கேள்வி முடிவு செய்துவிடும்: விடை எந்த வடிவில் வேண்டும்? 0.8333 என்று அளவு தெரிந்தால் போதும் என்றால் எதையும் நிறுவ வேண்டாம், அடைப்புக்குறி போதும். 5/6 என்று பின்னமாகவே எழுத வேண்டும் என்றால் தயங்காமல் கட்டம் தருகிற செயலிக்குப் போய்விடுங்கள். ஒரே மாதிரிக் கணக்கு இருபது முப்பது வரிசையாக இருந்தால் விரிதாள். மற்ற வழிகளெல்லாம் இந்த மூன்றும் கையில் இல்லாத நேரத்துக்கு.

முதலில் கால்குலேட்டரைச் சோதியுங்கள்

எந்த வழியானாலும், கையில் இருக்கும் கால்குலேட்டர் எப்படி யோசிக்கிறது என்று தெரியாமல் பின்னத்தைத் தட்டக் கூடாது. அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டிப் பாருங்கள். அடைப்புக்குறி எதுவும் போடாமல் 1÷2+1÷3= என்று அப்படியே தட்டுங்கள்.

0.8333 வந்தால் அது வகுத்தலைக் கூட்டலுக்கு முன்னால் செய்கிறது. நல்லது. 0.5 வந்தால் இடமிருந்து வலமாக, தட்டத் தட்டச் செய்துகொண்டே போகிற வகை: 1÷2 என்பது 0.5, அதோடு 1 சேர்ந்து 1.5, அதை 3 ஆல் வகுத்து 0.5. மேசையில் வைக்கிற சாதாரணக் கால்குலேட்டர்களில் பல இப்படித்தான். கோடு போட்ட கட்டம் தருகிற செயலியில் இதைத் தட்டி 0.428571 வந்தால் வேறு நோய்: முதல் பின்னத்தின் பகுதியை, அதாவது கோட்டுக்குக் கீழே உள்ள இடத்தை, விட்டு நீங்கள் வெளியே வரவே இல்லை. 2+1/3 முழுவதும் கோட்டுக்குக் கீழே போய், 1 ஐ 7/3 ஆல் வகுத்து 3/7 கிடைத்திருக்கிறது. ஒரே கணக்கு, மூன்று விடை. எந்த விடை வந்தது என்பதிலிருந்தே பிழை எங்கே என்று சொல்லிவிடலாம்.

இரண்டாவது சோதனை, பெருக்கல் குறியை விட்டுவிட்டு எழுதும் பழக்கம் உள்ளவர்களுக்கு. 3÷4(2+6)= என்று தட்டுங்கள். சில செயலிகள் முக்காலை 8 ஆல் பெருக்கி 6 என்று சொல்லும். சில, 4(2+6) ஐ ஒட்டிய ஒரே எண்ணாக எடுத்துக்கொண்டு 3 ஐ 32 ஆல் வகுத்து 0.09375 என்று சொல்லும். காசியோவின் புதிய அறிவியல் கால்குலேட்டர்கள் இரண்டாம் வகை. அவற்றைப் போலச் செய்யப்பட்ட ஃபோன் செயலிகளிலும் இதைப் பார்க்கலாம். யார் சரி என்று வாதாடிப் பயனில்லை. × குறியை எப்போதும் தட்டுங்கள், பின்னத்தை அடைப்புக்குள் வையுங்கள். இரண்டு வகையிலும் ஒரே விடைதான் வரும்.

அடைப்புக்குறி: பெரும்பாலானோருக்கு இதுவே போதும்

ஐபோன் கால்குலேட்டரின் சாதாரண முகப்பில் அடைப்புக்குறி கிடையாது. ஃபோனைப் படுக்கவைத்தால் அறிவியல் முகப்பு விரியும், அதில் இருக்கும். திரை திரும்பவில்லை என்றால் திரைச் சுழற்சிப் பூட்டு போட்டிருக்கிறது என்று அர்த்தம். 2024 இல் வந்த ஐஓஎஸ் 18 முதல் படுக்கவைக்கத் தேவையில்லை. கால்குலேட்டர் படம் போட்ட பொத்தானைத் தொட்டு அறிவியல் முறையைத் தேர்ந்தெடுக்கலாம். ஆண்ட்ராய்டு ஃபோன்கள் பலவற்றில் ( ) என்று ஒரே பொத்தான்தான் இருக்கும். திறப்பதா மூடுவதா என்பதைச் செயலியே முடிவு செய்யும். பின்னத்துக்குள் பின்னம் வரும்போது அந்த முடிவு உங்கள் மனதில் இருப்பதோடு ஒத்துப்போகாமல் போகலாம். அந்த வகை ஃபோனில் ஒவ்வொரு முறை தொட்ட பிறகும் திரையில் எந்தக் குறி விழுந்தது என்று பார்த்துவிட்டு அடுத்ததைத் தட்டுங்கள்.

விதி எளிது. ஒவ்வொரு பின்னத்தையும் முழுதாக ஓர் அடைப்புக்குள் வையுங்கள். தொகுதியில், அதாவது கோட்டுக்கு மேலே, ஒன்றுக்கு மேற்பட்ட எண் இருந்தால் அதற்குத் தனியாக ஒன்று, பகுதியில் இருந்தால் அதற்கும் ஒன்று. 5+7 மேலே, 8−2 கீழே என்றால் ((5+7)÷(8−2)). விடை 2. அடைப்பில்லாமல் 5+7÷8−2 என்று தட்டினால் 3.875 வரும். தேவையில்லாத இடத்தில் போட்ட அடைப்புக்குறி இரண்டு தட்டல் கூடுதல், அவ்வளவுதான். தேவையான இடத்தில் விட்ட அடைப்புக்குறி விடையையே மாற்றிவிடும். ஆகவே சந்தேகம் வந்தால் போட்டுவிடுங்கள்.

கூட்டலையும் கழித்தலையும் விட அதிகம் ஏமாற்றுவது வகுத்தல். முக்காலை ஐந்தில் இரண்டால் வகுக்க வேண்டும்: (3÷4)÷(2÷5)=1.875. அடைப்பை விட்டு 3÷4÷2÷5 என்று தட்டினால் 0.075. இருபத்தைந்து மடங்கு சிறிய விடை. ஆனால் திரையில் ஒரு பிழைச் செய்தியும் வராது, எண் பார்க்க ஒழுங்காகவே இருக்கும். இதுதான் இந்தப் பிழையின் ஆபத்து. பகுதியில் பெருக்கல் வரும்போதும் இதே கதைதான். 24 இன் கீழே 2×3 என்றால் 24÷(2×3)=4. 24÷2×3 என்று தட்டினால் 36. அடைப்பைத் தவிர்க்க விரும்பினால், பகுதியில் உள்ள ஒவ்வோர் எண்ணுக்கும் முன்னால் ÷ போட வேண்டும்: 24÷2÷3=4.

கலப்புப் பின்னத்தில் முழு எண்ணுக்கும் பின்னத்துக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டல் குறி ஒளிந்திருக்கிறது. அதை வெளியே கொண்டுவர வேண்டும். 2¾ × 1½ என்பது (2+3÷4)×(1+1÷2). விடை 4.125. அடைப்பில்லாமல் 2+3÷4×1+1÷2 என்று போனால் 3.25. குறையெண்ணாக இருந்தால் இன்னும் கவனம் தேவை. −2⅓ என்பது −(2+1÷3), அதாவது −2.3333. −2+1÷3 என்று தட்டுகிறவர்களுக்கு −1.6667 கிடைக்கும். கழித்தல் குறி முழு எண்ணுக்கும் பின்னத்துக்கும் சேர்த்துப் போட்டது என்பதை மறப்பதால் வருகிற பிழை இது. கையால் போடும்போது செய்யாதவர்கள்கூட ஃபோனில் செய்துவிடுகிறார்கள்.

அடுக்கு வரும்போது அடைப்புக்கு மாற்றே இல்லை. மூன்றில் இரண்டின் மூன்றாம் அடுக்கு (2÷3)^3=0.296296. அடைப்பு இல்லாவிட்டால் அடுக்கு 3 க்கு மட்டும் போய் 2÷27=0.074074 ஆகிவிடும். பின்னம் அடுக்கிலேயே இருந்தாலும் இப்படித்தான். 8^(2÷3)=4. அடைப்பை விட்டால் 64 ஐ 3 ஆல் வகுத்து 21.3333.

மூடும் அடைப்பை மறந்தால் என்ன ஆகும்? கணக்கின் கடைசியில் மறந்ததைப் பல செயலிகள் தாமாகவே மூடிக்கொள்ளும், சேதமில்லை. நடுவில் மறந்தால் அதே உதவி உபத்திரவமாகிவிடும். 1÷(2+3)×4 இன் விடை 0.8. மூட மறந்து 1÷(2+3×4 என்று தட்டினால் செயலி கடைசியில் மூடிக்கொண்டு 1÷14, அதாவது 0.0714 என்று சொல்லும். அதனால் = ஐத் தொடும் முன் திறந்தவை எத்தனை, மூடியவை எத்தனை என்று எண்ணிவிடுவது நல்ல பழக்கம். தட்டிய கணக்கு முழுவதும் திரையில் தெரிகிற செயலி இதற்கு வசதி. கடைசி எண் மட்டும் தெரிகிற செயலியில், நீளமான பின்னக் கணக்கைத் துண்டு துண்டாகப் பிரித்துப் போடுவதே பாதுகாப்பு.

இந்த வழியின் உண்மையான குறை ஒன்றுதான்: விடை தசமமாக வரும். ஆண்ட்ராய்டின் கூகுள் கால்குலேட்டர் இதில் மற்றவற்றைவிடக் கொஞ்சம் மேல். அது பின்னத்தை உள்ளுக்குள் தோராயமாக்காமல் வைத்துக்கொள்கிறது. விடையை விரலால் இடப்பக்கம் தள்ளினால் புள்ளிக்குப் பின்னால் இலக்கங்கள் வந்துகொண்டே இருக்கும். 1÷17 இல் 16 இலக்கங்கள் கொண்ட தொகுப்பு திரும்பத் திரும்ப வருவதை அதில் நேரிலேயே பார்க்கலாம். சில பதிப்புகளில் விடை வந்த பிறகு மூன்று புள்ளி மெனுவைத் திறந்தால், விடையைப் பின்னமாகக் காட்டும் வரியும் இருக்கும்.

அடைப்புக்குறியே இல்லாவிட்டால்

நினைவகப் பொத்தான்கள் இருந்தால் பின்னங்களை ஒவ்வொன்றாகச் சேமிக்கலாம். முதலில் எம்சி தட்டிப் பழைய எண்ணை அழியுங்கள். பிறகு 3÷4= எம்+ (நினைவகத்தில் கூட்டும்), அடுத்து 2÷5= எம்+, கடைசியில் எம்ஆர் (சேர்ந்ததைத் திரையில் காட்டும்). 1.15 வரும். கழிக்க வேண்டிய பின்னத்துக்கு எம்−. நடுவில் வரும் = ஐ விட்டுவிடாதீர்கள். சில கால்குலேட்டர்களில் எம்+ தானே கணக்கை முடித்துச் சேர்க்கும். சிலவற்றில் திரையில் கடைசியாக நிற்கும் 5 ஐ மட்டும் சேர்த்துவிடும். = தட்டினால் இரண்டிலும் சரியாக இருக்கும்.

நினைவகமும் இல்லை, இடமிருந்து வலமாகச் செய்யும் வகை என்றால், இரண்டு பின்னங்களைக் கூட்ட ஒரு வரிசை இருக்கிறது. முதல் தொகுதியை இரண்டாம் பகுதியால் பெருக்கு, முதல் பகுதியால் வகு, இரண்டாம் தொகுதியைக் கூட்டி = தட்டு, பிறகு இரண்டாம் பகுதியால் வகு. முக்காலோடு ஐந்தில் இரண்டைக் கூட்ட 3×5÷4+2= ÷5=. முதலில் 5.75, பிறகு 1.15. அந்த நடு = இருந்தால் வகுத்தலை முந்திச் செய்யும் வகையிலும் இது ஒத்துவரும். விட்டுவிட்டால் அந்த வகையில் 4.15 என்று வரும்.

கலப்புப் பின்னத்துக்கு வரிசையைத் திருப்பிப் போடுங்கள். பின்னம் முன்னால், முழு எண் பின்னால்: 2¾ க்கு 3÷4+2=. எந்த வகைக் கால்குலேட்டரும் இதில் தடுமாறாது.

தசமமாக்கித் தொடங்கலாமா?

பகுதியை உடைத்தால் 2 உம் 5 உம் மட்டுமே வருகிற பின்னங்களுக்குத் தாராளமாகச் செய்யலாம். அவை ஓரிடத்தில் நின்றுவிடும். அரை 0.5, கால் 0.25, அரைக்கால் 0.125, வீசம் 0.0625 என்பவற்றை மனப்பாடமாக வைத்திருப்பவர்களுக்கு இதைவிட வேகமான வழி வேறில்லை. 1/64 கூட 0.015625 என்று முடிந்துவிடுகிறது.

3, 6, 7, 9, 12 போன்ற பகுதிகளில் இது நல்ல வழி இல்லை. ஆறில் ஐந்தை 0.83 என்று எடுத்துக்கொண்டு 1200 ஆல் பெருக்கினால் 996. உண்மையில் 1000. 0.8333 என்று நான்கு இலக்கம் எடுத்தாலும் 999.96தான். வகுக்கும்போதும் தப்ப முடியாது: 5 ஐ மூன்றில் ஒன்றால் வகுத்தால் 15, 0.33 ஆல் வகுத்தால் 15.15. இப்படிப் பிழை வர வேண்டிய அவசியமே இல்லை. பெருக்கலை முதலில் செய்து வகுத்தலைக் கடைசிக்குத் தள்ளுங்கள்: 1200×5÷6=1000, துல்லியமாக. கணக்கில் எத்தனை பின்னம் இருந்தாலும் தொகுதிகளையெல்லாம் பெருக்கி முடித்துவிட்டுப் பகுதிகளால் ஒவ்வொன்றாக வகுத்தால், நடுவில் முடிவில்லாத தசமம் குறுக்கிடுவது பெருமளவு குறையும். எட்டு இலக்கத் திரையில் இது குறிப்பாக உதவும்; ஆனால் பெருக்கல் தொகை திரையைத் தாண்டிப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோடு போட்ட கட்டம் தருகிற செயலிகள்

பின்னத்தைப் பின்னமாகவே கொடுத்துப் பின்னமாகவே வாங்க வேண்டும் என்றால் இவைதான். இவற்றில் இரண்டு குடும்பங்கள் உண்டு. அறிவியல் கால்குலேட்டரைப் போன்றவை ஒன்று. அவற்றில் மேலொரு சிறு கட்டமும் கீழொரு சிறு கட்டமும் நடுவில் கோடும் உள்ள பொத்தான் இருக்கும். முழு எண், தொகுதி, பகுதி என்று மூன்று பெட்டி மட்டும் காட்டுகிற தனிப் பின்னச் செயலிகள் இன்னொன்று.

முதல் குடும்பத்தில் தட்டும் முறை, காசியோ எஃப்எக்ஸ்-991இஎஸ் பிளஸ் போன்ற கால்குலேட்டரைக் கையாண்டவர்களுக்குப் பழகியதே. பின்னப் பொத்தான், 3, கீழ் அம்பு, 4, வல அம்பு, +, மறுபடி பின்னப் பொத்தான், 2, கீழ் அம்பு, 5, =. 23/20 என்று விடை வரும். பின்னத்தையும் தசமத்தையும் மாற்றிப் பார்க்க அந்த வகைக் கால்குலேட்டரில் எஸ்⇔டி பொத்தான். ஷிஃப்டோடு அதைத் தட்டினால் தகாப் பின்னம் கலப்புப் பின்னமாகி 1 3/20 என்று மாறும். கலப்புப் பின்னத்தை உள்ளிட ஷிஃப்டோடு பின்னப் பொத்தான்; மூன்று கட்டம் விரியும். செயலிகளில் பொத்தானின் பெயரும் இடமும் மாறலாம், இந்த மூன்று வேலைக்கும் ஏதோ ஒரு பொத்தான் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மாற்றிப் பார்க்கும் பொத்தான் இல்லாத செயலியை நிறுவிப் பயனில்லை. அது ஃபோனோடு வந்ததைவிட எந்த வகையிலும் உயர்ந்ததாக இருக்காது.

இங்கே நடக்கும் பிழைகள் வேறு ரகம். முதலாவது, ஏற்கெனவே சொன்ன வல அம்பு. பகுதியை முடித்த பிறகு அதைத் தட்டாமல் + போட்டால், கூட்டல் முழுவதும் கோட்டுக்குக் கீழேயே நடக்கும். டெஸ்மாஸ் போன்ற கால்குலேட்டர் செயலிகளில் / குறியே கோடாக மாறிவிடுவதால் தட்டுவது சுகம், ஆனால் வெளியே வருகிற அம்பை மறப்பதும் அங்கேதான் அதிகம். இரண்டாவது இதன் மறுபக்கம். 5+7 என்று தட்டிவிட்டுப் பின்னப் பொத்தானை அழுத்தினால், கோட்டுக்கு மேலே 7 மட்டும் போகும். 5+ வெளியே நிற்கும். தொகுதியில் கூட்டல் இருந்தால் முதலில் பின்னப் பொத்தான், பிறகுதான் எண்கள். இரண்டு பிழையும் திரையைப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். கோடு எந்த எண்ணில் தொடங்கி எந்த எண்ணில் முடிகிறது என்பதுதான் பார்க்க வேண்டியது. இந்தச் செயலிகளின் பெரிய நன்மையே அதுதான். அடைப்புக்குறிகளின் காட்டில் கண் தேட வேண்டியதில்லை.

மூன்றாவது, முழு எண்ணுக்குப் பக்கத்தில் வெறும் பின்னத்தை வைப்பது. 2 தட்டிவிட்டுச் சாதாரணப் பின்னப் பொத்தானால் 1/3 போட்டால், திரையில் அது கலப்புப் பின்னம் போலவே தெரியும். செயலி அதைப் பெருக்கலாக எடுத்துக்கொண்டிருக்கலாம். = தட்டித் தசமத்தைப் பாருங்கள். 2.3333 என்றால் கலப்புப் பின்னம். 0.6667 என்றால் பெருக்கியிருக்கிறது. புதிய செயலியை நிறுவியவுடன் இந்தச் சோதனையை ஒரு முறை செய்துவிட வேண்டும். பிறகு வாழ்நாள் முழுக்கக் கவலை இல்லை.

விடை பின்னமாக வராமல் தசமமாகவே நின்றால் செயலி பழுதானது என்று நினைக்க வேண்டாம். காசியோ வகைக் கால்குலேட்டர்களில் முழு எண், தொகுதி, பகுதி, நடுவில் வரும் பிரிப்புக் குறிகள் எல்லாம் சேர்த்து 10 இடங்களைத் தாண்டினால் விடை தசமமாகிவிடும். √2 அல்லது π சுருங்கி மறையாமல் விடையில் மிஞ்சி நின்றால் அது முழு எண்களின் பின்னமாக வரவே முடியாது. கணக்கின் நடுவில் நீங்களே 0.33 என்று தட்டியிருந்தால் வருகிற பின்னம் 33/100 ஐ வைத்து வந்ததாக இருக்கும். 1/3 ஐச் செயலி ஊகித்துக்கொள்ளாது.

மூன்று பெட்டிக் குடும்பம் கற்றுக்கொள்ள எளிது. அம்பும் இல்லை, அடைப்பும் இல்லை. 2⅓ ÷ 1⅙ என்று போட்டால் 2 என்று உடனே சொல்லும். சில செயலிகள் 7/3 × 6/7 என்று தலைகீழாக்கிப் பெருக்கும் படிகளையும் காட்டுவதால், பின்னம் படிக்கத் தொடங்கும் பிள்ளைகளுக்கு உகந்தது. எல்லை என்னவென்றால், இரண்டு அல்லது மூன்று பின்னங்களுக்கு மேல் பெரும்பாலும் போக முடியாது. அடுக்கு, மூலம், பின்னத்துக்குள் பின்னம் எதுவும் நடக்காது. முழு எண் பெட்டியைக் காலியாக விட்டால் 0 என்று எடுத்துக்கொள்கிறதா என்பதையும், குறையெண்ணுக்குக் கழித்தல் குறி எங்கே போடுவது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நீண்ட நாள் உபயோகத்துக்கு எங்கள் தேர்வு முதல் குடும்பம்தான். பத்து நிமிடப் பழக்கத்தில் கை பிடித்துவிடும், பிறகு எந்தக் கணக்குக்கும் வேறு செயலி தேட வேண்டியிருக்காது.

தேடல் பெட்டியும் கேமராவும்

கூகுள் தேடலில் 1/2+1/3 என்று எழுதினால் 0.83333333333 என்று தசமமாக வரும். கணக்குப் போட்டுத் தருகிற வுல்ஃப்ராம்ஆல்ஃபா தளத்தில் எழுதினால் 5/6. இணையம் இருந்தால் இரண்டுமே சட்டென்ற உதவி. எழுதும்போது கலப்புப் பின்னத்துக்கு (2+1/3) என்ற வடிவத்தையே வைத்துக்கொள்ளுங்கள். இடைவெளி விட்டு 2 1/3 என்று எழுதும் பழக்கத்தில் ஒரு முறை இடைவெளி விட்டுப்போனால் அது 21/3, அதாவது 7.

கேமராவில் படம் பிடித்து விடை சொல்லும் செயலிகளும் சறுக்குவது இதே இடத்தில்தான். கையெழுத்தில் முழு எண்ணும் தொகுதியும் நெருங்கி நின்றால் 2⅓ ஐ 21/3 என்று படித்துவிடும். கோடு குட்டையாக இருந்தால் எது மேலே எது வெளியே என்று குழம்பும். 1 ஐயும் 7 ஐயும் மாற்றிப் படிப்பது இன்னொரு தொல்லை. விடைக்கு முன்னால், அது படித்துக்கொண்ட கணக்கை அச்செழுத்தில் காட்டும். அந்த வரியைத் தாளோடு ஒப்பிடாமல் விடையை எடுக்காதீர்கள். ஒப்பிட ஆகும் நேரத்தில் தட்டியே முடித்துவிடலாம் என்பதால் சிறிய கணக்குகளுக்கு இதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

விரிதாள்

எக்செல்லில் ஒரு கட்டத்தில் 1/2 என்று தட்டினால் அது தேதியாகிவிடும். 0 தட்டி, இடைவெளி விட்டு, 1/2 என்று தட்டினால் பின்னமாக நிற்கும். 5 1/4 என்று கலப்புப் பின்னத்தை இடைவெளியோடு நேராகவே தட்டலாம். சூத்திரமாக எழுதும்போது ஃபோன் கால்குலேட்டரின் அடைப்பு விதி அப்படியே பொருந்தும்: =(2+3/4)*(1+1/2).

கட்டத்தின் எண் வடிவத்தை # ?/? என்று வைத்தால் 4.125 என்பது 4 1/8 என்று தெரியும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஒற்றைக் கேள்விக்குறி என்றால் பகுதிக்கு ஓர் இலக்கம்தான் இடம். 5/16 ஐ, அதாவது 0.3125 ஐ, அந்த வடிவத்தில் காட்டச் சொன்னால் 1/3 என்று காட்டும். ஒற்றை இலக்கப் பகுதிகளில் அதுதான் மிக நெருக்கம். உள்ளே இருக்கும் எண் மாறுவதில்லை, பார்வைக்கு மட்டும் பொய். # ??/?? என்று இரட்டைக் கேள்விக்குறி போட்டால் 5/16 வரும். பதினாறின் கூறுகளாகவே எல்லாம் வேண்டுமென்றால் # ?/16 என்று பகுதியை நிலையாக வைக்கலாம். வடிவத்தை ஒரு முறை சரியாக அமைத்துவிட்டால் கீழே எத்தனை வரி வேண்டுமானாலும் இழுத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு கணக்குக்கு ஃபோனின் சின்னத் திரையில் விரிதாளைத் திறப்பது வீண் வேலை.

தசம விடையைப் பின்னமாகத் திருப்ப

அடைப்புக்குறி வழியில் போய், கடைசியில் பின்னம் கேட்கப்பட்டால் செயலி தேடி ஓட வேண்டாம். கணக்கில் இருந்த பின்னங்களின் பகுதிகள் தெரியும் அல்லவா? கூட்டலிலும் கழித்தலிலும் அவற்றின் மீச்சிறு பொது மடங்கால் விடையைப் பெருக்குங்கள். 5/12+7/18 இன் விடை 0.805555. 12, 18 இரண்டுக்கும் மீச்சிறு பொது மடங்கு 36. பெருக்கினால் 29. ஆக 29/36. மீச்சிறு பொது மடங்கு சட்டென்று வராவிட்டால் பகுதிகளையே பெருக்கி 216 எடுங்கள்; 174/216 வரும், இரண்டையும் 6 ஆல் சுருக்கினால் அதே 29/36. திரையில் இருக்கும் விடையையே தொடர்ந்து பெருக்க வேண்டும். இலக்கங்களைத் திரும்பத் தட்டினால் 28.99998 போன்ற ஒன்று வரும், அதுவும் 29தான்.

தகாப் பின்னத்தைக் கலப்பாக்க, முழு எண்ணைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பகுதியால் பெருக்குங்கள். 33÷8=4.125. 4 ஐக் கழித்தால் 0.125. 8 ஆல் பெருக்கினால் 1. ஆக 4⅛.

பகுதி என்னவென்றே தெரியாத தசமம் கையில் இருந்தால் தலைகீழிப் பொத்தான் உதவும்; அது இல்லாவிட்டால் 1 ஐத் திரையில் உள்ள எண்ணால் வகுங்கள். 0.432432432 என்று வைத்துக்கொள்வோம். தலைகீழாக்கினால் 2.3125. 2 ஐக் குறித்துக்கொண்டு கழியுங்கள், 0.3125. தலைகீழாக்கினால் 3.2. 3 ஐக் குறித்துக் கழித்தால் 0.2. தலைகீழாக்கினால் 5, மிச்சமில்லை. இப்போது பின்னாலிருந்து வாருங்கள்: 3+1/5 என்பது 16/5. அதைத் தலைகீழாக்கி 2 ஐக் கூட்டினால் 2+5/16, அதாவது 37/16. தலைகீழாக்கினால் 16/37.

எப்போது நிறுத்துவது என்பதில்தான் திறமை இருக்கிறது. திரையின் கடைசி இலக்கம் ஏற்கெனவே முழுமையாக்கப்பட்டது என்பதால், ஒவ்வொரு தலைகீழிலும் அந்தச் சிறு பிசகு வளரும். மிச்சம் 0.0000005 போலச் சுருங்கினாலும், 0.9999998 போல ஒன்றை ஒட்டி நின்றாலும் அங்கேயே முடிந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதைத் தாண்டித் தலைகீழாக்கினால் திடீரென்று ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில் ஒரு முழு எண் வரும். அது பிசகின் குரல், கணக்கின் குரல் இல்லை. முடிவே வராமல் 2, 2, 2 என்று ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால் அது √2 போல எந்தப் பின்னத்துக்கும் அடங்காத எண்ணாக இருக்கலாம். π ஐ இப்படிச் செய்தால் 3, 7, 15, 1 என்று வந்து, அடுத்ததாக 292 என்று ஒரு பெரிய எண் வரும். அதற்கு முன்னால் நிறுத்திப் பின்னாலிருந்து கட்டினால் கிடைப்பது 355/113. முதல் 7 இலேயே நிறுத்தினால் பள்ளிக்கூடத்து 22/7. கிடைத்த பின்னம் எதுவானாலும் அதை ஒரு முறை வகுத்துப் பார்த்து, தொடங்கிய தசமத்தோடு கடைசி இலக்கம் வரை ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகு தாளில் எழுதுங்கள்.